பார்வையாளர் நேரம்

"பார்க்க ஆள் வந்தாங்களா?"

யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் சிஸ்டரம்மா முதலில் கேட்பது இதைத்தான். எதிர்வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்றால் என்ன ஆபரேஷன், எந்த டாக்டர், இன்ஷூரன்ஸ் உண்டா என்று தெருவே கூடி விசாரிக்கும். இவருக்கு அதெல்லாம் வேண்டாம். படுத்திருப்பவரைப் பார்க்க ஆள் வந்ததா, இல்லையா? அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்ற கதை. தெருமுனை இஸ்திரிக்காரர் வண்டியை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று சொன்னபோதுகூட, "போன எடத்துல அவர பார்க்க ஆள் கீதா?" என்றுதான் கேட்டார்.

சிஸ்டரம்மா என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். நர்ஸ். சாந்தோம் பக்கத்தில் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவர். குவைத்தில் பல வருஷம் வேலை பார்த்து, மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் மாடி வீடு கட்டிக்கொண்டார். கீழே அவர். மேலே வாடகைக்கு நானும் என் மனைவியும். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "டூட்டி மாத்திவுட ஆள் கெடைக்கல" என்று சிரிப்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

நான் அவரை முதலில் பார்த்தது அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில். என் அப்பா அங்கே இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு. நானும் அக்காவும் அப்பாவின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவருக்குப் பிடிக்காத ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தோம். குவைத்திலிருந்து திரும்பியபின் அங்கே வேலை பார்த்துவந்த சிஸ்டரம்மா வந்து என் தோளைத் தட்டினார்.

"உங்கப்பாவுக்குத்தான் ரெண்டு பேரு கீறீங்களே. நீ போய் அவராண்ட குந்து."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அவரை எனக்குத் தெரியாதே சிஸ்டர்" என்றேன்.

"அவருக்கும் உன்னைத் தெரியாது. சரியாப் போச்சு. குந்து."

போய் உட்கார்ந்தேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இன்ஷூரன்ஸா?" என்றார். இல்லை, பக்கத்துக் கட்டில் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், நெத்திலிக் குழம்புக்குப் புளி ஏன் குறைவாகப் போட வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆறு மணிக்கு மணி அடித்தபோது என் கையை விட அவருக்கு மனசில்லை. எனக்கும்தான். திரும்பிப் பார்த்தால் சிஸ்டரம்மா கதவருகே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், கணக்கு நேரானதைப் போல.

அந்தப் பழக்கத்தில்தான் அவர் வீட்டு மாடி எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்தது வீடு மட்டுமல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

தாம்பரம் தாண்டி உள்ளே ஓர் ஏரிக்கரையில் மனை விற்பதாக நோட்டீஸ் வந்தது. இலவச வேன், மதியம் பிரியாணி. சொந்தமாக ஒரு பிடி மண் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு அப்போது வெறி. மனைவி வேலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு கட்டிய அனுபவம் உள்ளவராயிற்றே என்று சிஸ்டரம்மாவைக் கூப்பிட்டேன். நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கிழக்குப் பார்த்த கார்னர் மனை. புரமோட்டரின் ஆள் அதை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டரம்மாவைக் காணோம். தேடிப் போனால், சீமைக் கருவேலம் புதருக்குள் ஒரு மேட்டின் நடுவே நிற்கிறார். அவரைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் பெரிய பெரிய பாறைக் கற்கள், வட்டமாக. அதற்கப்பால் இன்னொரு வட்டம். அதற்கும் அப்பால் இன்னும் சில. நீலநிற அறிவிப்புப் பலகை ஒன்று குப்புறக் கிடந்தது. அதன்மேல் யாரோ சீட்டாடிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதைப் புரட்டினார். துருவுக்கு நடுவே 'பாதுகாக்கப்பட்ட' என்பது மட்டும் படிக்க முடிந்தது.

"இன்னா தம்பி இது?"

போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட புதைமேடு. செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல் குவித்து, சுற்றிலும் இப்படிக் கல்வட்டம் போடுவார்கள்.

"அப்போ உள்ள ஆள் கீறாங்க" என்றார் சிஸ்டரம்மா. நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து மெதுவாக வெளியே வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

புரமோட்டரின் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தான். "அது சும்மா பழைய கல்லு மேடம். தீபாவளி முடிஞ்சதும் ஜேசிபி விட்டு லெவல் பண்ணிடுவோம். ரோடு இப்படித்தான் வருது."

"உள்ள ஆள் கீறாங்களேப்பா."

"இருந்தா இன்னா மேடம்? வந்து கேக்க ஆளா கீது?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். கெட்ட பையன் இல்லை, கமிஷனுக்கு ஓடுகிறவன். ஆனால் சிஸ்டரம்மா அன்றைக்குப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வேனில் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

அடுத்த புதன்கிழமை காலை கீழிருந்து குரல் வந்தது. "தம்பி, உன் கார் சும்மாத்தானே நிக்குது?"

நான் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் திருவிழா. வார லீவு புதன்தான். அந்த ஒரு நாளும் போயிற்று. ஹவுஸ் ஓனர் கூப்பிட்டால் வாடகைக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

அங்கே அவர் செய்ததற்கு ரவுண்ட்ஸ் என்றுதான் பெயர். வார்டில் கட்டில் கட்டிலாகப் போவது மாதிரி ஒவ்வொரு வட்டமாகப் போவார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நிலைமை சொல்வார். நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இவருக்குத் தலமாட்டுக் கல்லு சாஞ்சு கீது. போன மழையில அடியில மண்ணு போயிருச்சு." "இந்தம்மா பரவால்ல, ஆட்டுப் புழுக்கைதான், கூட்டிவுட்டா போதும்." "ஐயோ, இவர இன்னாத்துக்குத் தோண்டிக் கீறானுங்க? புதையலா? சோறு தின்ன சட்டியத்தான் கூட வெச்சுருப்பாங்க, பாவம்."

ஓரமாக ஒரு சின்ன வட்டம் இருந்தது. கற்களும் சின்னவை. அது குழந்தை என்று அவராக முடிவு செய்துகொண்டார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது, சின்ன வட்டம் என்றால் சின்னப் பிள்ளை என்று அர்த்தமில்லை என்று போனில் படித்ததை வைத்து நான் வாதாடினேன். "சரி, கொழந்த இல்லன்னே வெச்சுக்க. தனியா கீதா இல்லியா?" என்றார். கைப்பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அங்கே உடைந்து கிடந்த சாராயப் பாட்டில் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வெயில் ஏறும்வரை பொறுக்கினார். பிறகு நானும் குனிந்தேன். சும்மா நின்றால் திட்டுவாரே.

வீடு திரும்பினால் வாசல் கேட்டில் என் மனைவி. கையில் பச்சை பிளாஸ்டிக் வாளி, நிறையத் தண்ணீர்.

"அங்கயே நில்லுங்க. தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க."

"தெருவிலேயா?"

"சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்தவங்க பின்ன எங்க குளிப்பாங்க?"

சிஸ்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி போனவங்களுக்கு இன்னுமா தீட்டு?"

"செத்தவங்க செத்தவங்கதானே சிஸ்டர். நாளாச்சுன்னா இல்லாமப் போயிடுவாங்களா?"

சிஸ்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "கரெக்டா சொன்னே" என்றார். "அதுக்குத்தாம்மா நான் போறேன்." பிறகு தானே வாளியை வாங்கி என் தலையில் கவிழ்த்தார். இரண்டு பெண்களும் ஒரே கட்சி, நனைந்தவன் நான் மட்டும்.

அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னது ஒரு புதன்கிழமை, பெருங்களத்தூரில் வண்டி நகராமல் நின்றபோது. நான் கேட்கவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவராகவே ஆரம்பித்தார்.

"நான் குவைத்ல கீறப்போ அம்மா போய்ட்டாங்க. லீவு குடுக்கல. தம்பிகாரன்தான் அடக்கம் பண்ணான். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்குப் போய்ப் பூ வெய்டா, வெள்ள அடிடான்னு போன்ல சொல்லுவேன். செஞ்சுட்டேன் செஞ்சுட்டேன்னான். நான் முடிச்சுக்கினு வந்து, அந்த நவம்பர் ரெண்டாம் தேதி கூடை நெறைய சாமந்தி எடுத்துக்கினு போறேன். அம்மா இல்ல. வேற பேரு கீது."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். சென்னைக் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடையாது. வருஷக்கணக்கில் யாரும் வந்து பார்க்காத குழி என்றால் அதையே திறந்து அடுத்தவரை வைத்துவிடுவார்கள்.

"அவங்க இன்னா பண்ணுவாங்க, எடம் இல்ல. வருசத்துக்கு ஒரு தபா வெள்ள அடிச்சிருந்தா ஆள் கீதுன்னு தெரிஞ்சிருக்கும். கை வெக்க மாட்டாங்க. யாரு வெப்பா?"

"அப்புறம் என்ன செஞ்சீங்க சிஸ்டர்?"

"அந்தப் பேர படிச்சுப் பார்த்தேன். சின்னப் பொண்ணு. பூவ அவளுக்கே வெச்சுட்டு வந்துட்டேன்."

வண்டி நகர்ந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது மாதிரி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்த்திருப்பார். பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அந்தக் கார்னர் மனையை மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்வட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம் மனை ஒருபக்கம் இருக்கட்டும் என்று மனதுக்குள் ஒரு சமரசம் வைத்திருந்தேன். தீபாவளி கழிந்த முதல் புதன், மனைவியை அழைத்துக்கொண்டு புரமோட்டரின் வேனில் ஏறினேன். வேன் நிறையக் குடும்பங்கள். புரமோட்டரின் ஆள் மைக்கில் ஏரிக்காற்றின் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தான். வேன் திரும்பியது.

கருவேலம் புதரில் பாதி வெட்டப்பட்டிருந்தது. அதற்குப் பின்னால் பளீரென்று வெள்ளை வெளேர் கற்கள், வட்டம் வட்டமாக. ஒவ்வொரு வட்டத்திலும் சாமந்தி மாலை வாடிக் கிடந்தது. உருகித் தீர்ந்த மெழுகுவத்திகள்.

"கல்லறைங்களா?" என்றார் ஒரு மாமி.

"நேத்து வெச்ச மாதிரி கீது" என்றார் ஒருவர்.

புரமோட்டரின் ஆள் மைக்கைப் பிடித்தபடியே வாயைப் பிளந்து நின்றான். அந்த நேரம் பார்த்து என் மனைவி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கத்தினாள். "ஏங்க! அது நம்ம வாளிங்க!"

பச்சை வாளி. சுண்ணாம்பு காய்ந்து ஓரமெல்லாம் வெள்ளையாக, சின்ன வட்டத்தின் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கல்லறைத் திருநாளுக்கு மறுநாளிலிருந்து வீடு முழுக்க அவள் தேடிக்கொண்டிருந்த வாளி.

வேனில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒருவரும் இறங்கவில்லை. பிரியாணியைக் கூட அந்த எல்லை தாண்டிய பிறகுதான் சாப்பிட்டார்கள். அந்தப் பக்கத்து மனை ஒன்றுகூட விற்கவில்லை. புரமோட்டரின் ஆள் போனில் என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். ஜேசிபிக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கல்லு என்று சொல்லித்தானே கூப்பிட்டீர்கள், யாரோ வந்து பூ போட்டுவிட்டுப் போகிற இடத்தில் நான் கை வைக்க மாட்டேன், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி ஏறாமல் நேராகச் சிஸ்டரம்மாவின் கதவைத் தட்டினேன்.

"சொல்லாமப் போயிட்டீங்களே?"

"சொன்னா நீ லீவு போடுவியா? தீபாவளி நேரம், உன் மொதலாளி உன்னையே வித்துப்புடுவாரு. அதான் பஸ்ஸுலயே போய்ட்டேன். வாளி மட்டும் தூக்க முடியல, வுட்டுட்டு வந்துட்டேன். புதுசு வாங்கித் தரேம்மா" என்றார், எனக்குப் பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்து.

என் மனைவி வாளியைப் பற்றிப் பேசவில்லை. "இனிமே அங்க தோண்ட மாட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

யார் கொடுத்தார்களோ, புகார் போயிற்று. பழைய சின்னங்களைப் பார்த்துக்கொள்கிற இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அன்று நாங்களும் போயிருந்தோம். அவருக்குச் சுண்ணாம்பைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? இதெல்லாம் தொன்மையான சின்னம்! ஒரு கோடு போடக்கூடாது, தெரியுமா? உங்க மேல கேஸ் போடலாம்!" என்று கத்தினார். அவர் சொன்னதும் நியாயம்தான். சிஸ்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, "எஸ் சார், சாரி சார், பெயிண்ட் இல்ல சார், சுண்ணாம்புதான், மழையில போயிரும் சார், இனிமே பூச மாட்டேன் சார்" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இவ்வளவு பணிவாக நான் அவரைப் பார்த்ததில்லை.

கத்தி முடித்த அதிகாரி நடந்து பார்த்தார். தோண்டிய குழியைப் பார்த்தார். சாய்ந்த கல்லைத் தொட்டுப் பார்த்தார். பலகையைப் புரட்டி, துருவைத் துடைத்தார். பிறகு யாருக்கோ போன் போட்டு, அளக்க ஆள் அனுப்பச் சொன்னார்.

வாளியை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பியதும் காரில் நான் பொரிந்து தள்ளினேன். உங்களால்தான் அந்த இடம் பிழைத்தது, உங்களையே இப்படித் திட்டுகிறாரே என்றேன்.

"டாக்டருன்னா நர்ஸ திட்டத்தான் செய்வாரு" என்றார் சிஸ்டரம்மா. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "பேஷண்ட பார்த்தாரா இல்லியா? அது போதும்."

கம்பிவேலி வந்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. வேலிக்கு வெளியே அகப்பட்ட இரண்டு வட்டங்கள் பிறகு ரோட்டுக்குள் போய்விட்டன. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் சிஸ்டரம்மா காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார். சின்ன வட்டம் வேலிக்கு உள்ளே இருந்தது. சுண்ணாம்பு அந்த மழையிலேயே கரைந்தது. திரும்ப அவர் பூசவில்லை, சொன்ன சொல் மாறாதவர். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் காலையில் அந்தச் சின்னப் பெண்ணின் கல்லறைக்குப் போவார், பிறகு பஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் போவார். பூவும் மெழுகுவத்தியும் மட்டும். நான் ஒரு தடவைகூட அன்றைக்கு உடன் போனதில்லை. கடையில் லீவு கேட்கக்கூட வாய் வந்ததில்லை. மனை வாங்கும் ஆசையும் எனக்கு எப்போது போனதென்று தெரியவில்லை.

இந்த வருஷம் கோடையில் சிஸ்டரம்மா அவர் வேலை பார்த்த அதே நர்சிங் ஹோமில் படுத்தார். இதயம். பார்வையாளர் நேரத்தில் தெருவே வந்தது. இஸ்திரிக்காரர் மகள் வீட்டிலிருந்து வந்தார். கண்ணகி நகரிலிருந்து தம்பி மகன்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. செக்யூரிட்டி எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினார். என் மனைவி உள்ளே போனபோது சிஸ்டரம்மா கண்ணைத் திறந்து, ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினார்.

"எனக்குத்தான் எல்லாரும் கீறாங்களே. நீ அந்தாண்ட அந்தம்மாகிட்ட குந்து. காலையிலேர்ந்து ஆள் வரல."

என் மனைவி போய் உட்கார்ந்தாள். யாரோ ஒரு அம்மாவுக்கு மணி அடிக்கும்வரை கஞ்சி ஊட்டினாள். மறுநாள் விடியற்காலையில் சிஸ்டரம்மா போய்விட்டார்.

அவருடைய அம்மா இருந்த அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இடம் கிடைத்தது. நாங்கள் இருவரும் பிடி மண் போட்டோம். வீடு திரும்பிப் பூட்டியிருந்த கேட்டைத் திறந்தோம். கீழ் வீட்டு ஜன்னலில் அவர் காயப்போட்ட ரப்பர் கையுறை அப்படியே தொங்கியது. பழக்க தோஷத்தில் நான் வாசலிலேயே நின்றேன். சுண்ணாம்புக் கறை போகாத அந்தப் பச்சை வாளி குழாயடியில் இருந்தது. மனைவி அதை நிரப்புவாள் என்று காத்திருந்தேன்.

அவள் நிரப்பவில்லை. மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேலையில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடவும் இல்லை.

"குளிக்கலையா?" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஆகட்டுங்க. குளிச்சா அவங்க நிஜமாவே போயிட்டாங்கன்னு ஆயிடும்."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். இஸ்திரிக்காரர் வந்து கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். வெகு நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"நவம்பர் ரெண்டு என்ன கிழமை வருது?"

போனில் பார்த்தேன். "திங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம்."

"தீபாவளி நேரம்னு தெரியும்" என்றாள் அவள், புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "காலையில கல்லறைக்கு, சிஸ்டர்கிட்ட. அப்புறம் ஏரிக்கரைக்கு. நானும் வரேன். இப்பவே லீவு சொல்லி வெச்சுடுங்க."

எழுந்து, அங்கேயே நின்று, முதலாளிக்குப் போன் போட்டேன்.